கொலஸ்ட்ராலுக்கு நார்ச்சத்துப் பொடி: எதை வாங்கலாம், எதை விட்டுவிடலாம்?

ரத்தப் பரிசோதனையில் எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு 140, 150 என்று வந்துவிட்டால், மாத்திரைக்குப் போகாமல் சமாளிக்க வழி உண்டா என்றுதான் பலரும் முதலில் தேடுகிறார்கள். இசப்கோல், ஓட்ஸ் பீட்டா குளுக்கான், குளுக்கோமன்னான், இனுலின், கோதுமை டெக்ஸ்ட்ரின் என்று நார்ச்சத்துப் பொடிகள் அடுக்கடுக்காக வந்து நிற்கும். எல்லா டப்பாவிலும் ‘நார்ச்சத்து’ என்றே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் கொலஸ்ட்ராலைக் குறைப்பதில் இந்த ஐந்தும் ஒன்றல்ல. கடைசி இரண்டும் இந்த வேலைக்கு உதவவே உதவாது என்பது என் முடிவு.

கரையும் நார், கரையாத நார் என்று பிரித்துப் பார்த்து வாங்குவதில்தான் குழப்பம் தொடங்குகிறது. இனுலினும் டெக்ஸ்ட்ரினும் தண்ணீரில் நன்றாகவே கரையும். கவனிக்க வேண்டியது வேறு: தண்ணீரில் போட்டால் கெட்டியாகி, வழவழப்பான கூழாகிறதா? ஏனென்றால், கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கொண்டுதான் பித்த அமிலங்களைத் தயாரிக்கிறது. அவை கொழுப்பைச் செரிக்க உதவியபின், ஏறத்தாழ 95 சதவீதம் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்கே திரும்பிவிடும். குடலில் கூழ் இருந்தால் பித்த அமிலத்தில் ஒரு பங்கு அதில் சிக்கி மலத்தோடு போய்விடும். அந்த இழப்பை ஈடுகட்டக் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை இழுத்துக்கொள்கிறது. கூழ் இல்லையென்றால் இந்தச் சங்கிலி தொடங்குவதே இல்லை.

இதில் அதிகம் சோதிக்கப்பட்டது இசப்கோல் உமி. 28 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு அலசலில், நாளுக்குச் சுமார் 10 கிராம் எடுத்தவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாக டெசிலிட்டருக்கு 13 மில்லிகிராம் அளவுக்குக் குறைந்தது. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998இல் இசப்கோல் டப்பாவில் அச்சிட அனுமதித்த இதயநலக் குறிப்பிலும், நாளுக்கு 7 கிராம் கரையும் நார் என்பதுதான் அளவு. உமியாகக் கணக்கிட்டால் அதுவும் 10 கிராம்தான். பலரும் கோட்டைவிடும் இடம் இது. கேப்சூல் ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் அரை கிராம்தான் இருக்கும். இரண்டு கேப்சூல் விழுங்கிவிட்டு ‘பலனே இல்லை’ என்றால், போக வேண்டிய அளவில் பத்தில் ஒரு பங்குதான் உள்ளே போயிருக்கிறது. பொடியாக வாங்குவதே மேல், அதுவும் சர்க்கரை கலக்காததாக. இசப்கோலுக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. பெருங்குடலில் இது அதிகம் நொதிப்பதில்லை என்பதால் வாயுத் தொல்லை மற்றவற்றைவிடக் குறைவு. மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு இரண்டிலும் மலத்தைச் சீராக்கும்.

அடுத்தது ஓட்ஸின் பீட்டா குளுக்கான். நாளுக்கு 3 கிராம் போதும், எல்.டி.எல். சுமார் 10 மில்லிகிராம் இறங்கும். ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸிலேயே அவ்வளவு கிடைத்துவிடும், ஆகவே ஓட்ஸைக் கஞ்சியாகச் சாப்பிடப் பிடித்தவர்கள் தனியாகப் பொடி வாங்கத் தேவையில்லை. பொடியில் ஒரு சிக்கலும் இருக்கிறது: தயாரிப்பில் பீட்டா குளுக்கானின் மூலக்கூறு உடைந்து சிறிதானால் கூழாகும் திறன் போய்விடும். 2010இல் வெளியான ஓர் ஆய்வில், சிதையாத வகை 3 கிராம் அளவிலேயே எல்.டி.எல்லை 5 சதவீதத்துக்கு மேல் குறைத்தது. மிகவும் சிதைந்த வகையை 4 கிராம் கொடுத்தும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. டப்பாவின் மேல் இந்த வேறுபாடு தெரியாது. ஈஸ்ட்டிலிருந்து எடுத்து, எதிர்ப்பு சக்திக்கென்று விற்கப்படும் பீட்டா குளுக்கானும் வேறு பொருள். பெயரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம்.

கோஞ்சாக் கிழங்கிலிருந்து எடுக்கும் குளுக்கோமன்னான், கிராமுக்குக் கிராம் வைத்துப் பார்த்தால் எல்லாவற்றையும்விட வலியது. 3, 4 கிராமிலேயே இசப்கோலுக்கு இணையாக எல்.டி.எல்லைக் குறைக்கிறது. ஆனாலும் இதை நான் இரண்டாம் இடத்தில்கூட வைக்கமாட்டேன். தண்ணீர் பட்டதும் பல மடங்கு உப்பும் இது, மாத்திரை வடிவில் உணவுக்குழாயில் சிக்கி அடைத்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன. கொத்தவரை விதையின் பிசினுக்கும் இதே பலனும் இதே எச்சரிக்கையும் பொருந்தும். அந்தப் பிசினில் வேண்டிய அளவும் அதிகம், வாயுவும் அதிகம்.

இனுலின், கோதுமை டெக்ஸ்ட்ரின் இரண்டும் தண்ணீரில் தெளிவாகக் கரைந்து, குடிக்கச் சுகமாக இருக்கும். கூழாகாமல் இருப்பதுதான் அந்தச் சுகத்துக்குக் காரணம், எல்.டி.எல்லைக் குறைக்காததற்கும் அதுவே காரணம். குடலின் நல்ல பாக்டீரியாக்களுக்கு இனுலின் தீனியாகும், அதற்காக வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இசப்கோலே என்று முடிவுசெய்தாலும் எவ்வளவு எதிர்பார்க்கலாம்? 5 முதல் 10 சதவீதம். கொலஸ்ட்ராலுக்கு மருத்துவர் தரும் ஸ்டாட்டின் மாத்திரைகள் வகையையும் அளவையும் பொறுத்து 20 முதல் 50 சதவீதத்துக்கு மேலும் குறைக்கும். எல்.டி.எல். 190ஐத் தாண்டியவர்களும், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்களும் பொடியை நம்பி மாத்திரையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அவர்களுக்கும் இசப்கோல் துணையாகலாம்: 2005இல் வந்த ஓர் ஆய்வில், 10 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டினோடு 15 கிராம் இசப்கோல் எடுத்தவர்களுக்கு, 20 மில்லிகிராம் சிம்வாஸ்டாட்டின் எடுத்தவர்களுக்கு இணையாக எல்.டி.எல். குறைந்தது. அளவை மாற்றுவது மருத்துவர் கையில்.

எடுக்கும் முறையும் முக்கியம். முதல் வாரம் 3 கிராமில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு பெரிய டம்ளர், அதாவது 240 மில்லி தண்ணீர் வேண்டும்; கலக்கியதும் கெட்டியாகுமுன் குடித்துவிட வேண்டும். விழுங்குவதில் சிரமமோ குடல் அடைப்போ இருப்பவர்கள் எந்தக் கூழ் நாரையும் தொடக்கூடாது. தைராய்டு, லித்தியம், கார்பமசெபின், டிகாக்ஸின் மாத்திரைகள் எடுப்பவர்கள் குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள், கூழ் மருந்தையும் பிடித்துவைக்கும். எட்டு வாரம் முழு அளவில் எடுத்தபின் மறுபடி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், எல்.டி.எல். அசையவில்லையென்றால் அந்த அறிக்கையோடு மருத்துவரைப் பாருங்கள்.