ஸ்காபரோ பிரிண்டிங் கடையில எலக்‌ஷன் பிளையர் அடிச்ச அனுபவம்

ஸ்காபரோ இருக்கிற கனடாவின்ர டொரோண்டோவில 2022 அக்டோபர் 24 முனிசிபல் (நகரசபை) எலக்‌ஷனோட தானே ஸ்கூல் போர்ட் ட்ரஸ்டி (பள்ளிக்கூடச் சபை உறுப்பினர்) வோட்டும் நடந்தது, அதில எங்கட பக்கத்து வீட்டு அக்கா நிண்டவ, அவவின்ர பிளையர், லோன் சைன் (வீட்டு முன் புல்தரையில கம்பியோட நடுற விளம்பரப் பலகை) எல்லாம் இந்தக் கடையிலதான் அடிச்சனாங்கள். 20 வருசமா டேகெயார்ல வேலை செய்தவ, பிள்ளையளை இங்கத்த பள்ளிக்கூடத்திலயே படிப்பிச்சவ, மழைக்கையும் வீடு வீடா நடந்தவ, இதெல்லாத்தையும் ஒரே பக்கத்தில அடக்கோணும். நாங்கள் கவனிக்காத மூண்டு தமிழ் எழுத்துப்பிழையைக் கடைக்கார அண்ணைதான் பிடிச்சுத் திருத்தினவர், அதை மறக்கேலாது. சைன் கம்பி மட்டும் மெல்லிசு, காத்துக்கு ரெண்டு வளைஞ்சிட்டுது, சொன்னவுடன காசு வாங்காம மாத்தித் தந்தவர். அடுத்தமுறை நிக்கிற ஆக்கள் நேரத்தோட ஓடர் குடுங்கோ, கடைசிக் கிழமை சரியான சனம்.