1971 மாடல் காரில் வைட்பேண்ட் ஆக்சிஜன் சென்சார்: சில வருஷம் ஓட்டிய பிறகு

கார் ஆல்ஃபா ரோமியோ 2000 ஜிடிவி. 1962 சிசி எஞ்சின், இரட்டை கேம்ஷாஃப்ட், இரண்டு வெபர் 40 டிசிஓஇ கார்புரேட்டர். இந்த மாடல் 1971-ல் வந்தபோது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் எந்தக் காரிலும் கிடையாது. பாஷ் நிறுவனத்தின் லாம்டா சென்சார் (ஆக்சிஜன் சென்சாரின் இன்னொரு பெயர்) 1976-ல்தான் வால்வோ கார்களில் முதன்முதலாக வந்தது. ஆக, இந்த வண்டியில் சென்சாருக்கு ஓட்டையும் இல்லை, வயரும் இல்லை, அது சொல்வதைக் கேட்டு நடக்க கம்ப்யூட்டரும் இல்லை. மீட்டரைப் பார்த்து ஜெட்டை, அதாவது கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் சிறு துளையுள்ள பாகத்தை, மாற்றுவது நம் வேலை.

பணத்துக்குத் தகுந்த பொருள்தானா என்றால், ஆமாம். எந்த பிராண்ட் வாங்கலாம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் அதைவிட முக்கியம் சென்சாரை எங்கே மாட்டுகிறோம், எர்த்தை எங்கே கொடுக்கிறோம் என்பது.

சாதாரண நேரோபேண்ட் சென்சார் இந்த வேலைக்கு உதவாது. லாம்டா 1-ஐ, அதாவது காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் கலந்த நிலையைச் சுற்றி அதன் வோல்டேஜ் 0.1-க்கும் 0.9-க்கும் நடுவே தாவும், அவ்வளவுதான். ரிச்சா (பெட்ரோல் அதிகம், லாம்டா 1-க்குக் கீழே) லீனா (பெட்ரோல் குறைவு, 1-க்கு மேலே) என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. முழு ஆக்சிலரேட்டரில் டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு லாம்டா 0.86, 0.88 என்ற அளவில் மிக்சர் வேண்டும். அது 0.80-க்கு இறங்கி பெட்ரோல் வீணானாலும் நேரோபேண்டுக்கு இரண்டும் ஒன்றுதான். எவ்வளவு என்பதையும் சொல்வது வைட்பேண்ட்; நான் போட்டது அந்த வகையில் பாஷ் எல்எஸ்யு 4.9, தனி கன்ட்ரோலருடன்.

சென்சாரின் திரெட் 18 மில்லிமீட்டர், 1.5 பிட்ச். அதற்கான வெல்ட் நட்டு சுலபமாகக் கிடைக்கிறது. இடம் தேர்வு செய்வதில்தான் விஷயம். இந்த எஞ்சினில் 1, 4 சிலிண்டர்களின் புகை ஒரு குழாயிலும் 2, 3-இன் புகை இன்னொன்றிலும் இறங்கி, பிறகு ஒன்று சேர்கிறது. சேரும் இடத்தைத் தாண்டி மாட்டினால் நாலு சிலிண்டரின் சராசரி கிடைக்கும். ரொம்பப் பின்னால் போனால் புகை ஆறிவிடும், மீட்டரும் தாமதமாகப் பேசும். குழாயின் அடிப்பக்கம் கூடவே கூடாது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் குழாயில் ஓடும் தண்ணீர் சூடான செராமிக்கில் பட்டால் விரிசல் விடும். படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேல்நோக்கி இருக்க வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டையும் ஃபிளாஞ்ச் கேஸ்கெட்டையும் புதிதாகப் போட்டேன். சென்சாருக்கு முன்னால் ஊசி முனை அளவு கசிவு இருந்தாலும், புகை துடிப்புகளுக்கு நடுவே வெளிக்காற்று உள்ளே இழுபடும். மீட்டர் லீன் என்று காட்டும். அதை நம்பி ஜெட்டைப் பெரிதாக்கினால் நல்ல எஞ்சினைக் கெடுத்த புண்ணியம் நமக்கு.

வயரிங்கில் இரண்டு விஷயம். சென்சாரின் ஹீட்டர் அதை சுமார் 780 டிகிரி செல்சியஸில் வைத்திருக்கும். எஞ்சின் ஓடாமல் ஹீட்டர் மட்டும் எரிவதும் தப்பு, எஞ்சின் ஓடும்போது ஹீட்டர் அணைந்திருப்பதும் தப்பு. பின்னதில் கரி படிந்தே சென்சார் செத்துவிடும். ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஆகத் தொடங்கிய பிறகே ரிலே இழுக்கும்படி கொடுத்திருக்கிறேன். இரண்டாவது, எர்த். கன்ட்ரோலரிலிருந்து, எண்களைப் பதிவு செய்யும் லாகருக்குப் போகும் 0–5 வோல்ட் சிக்னல் ஹெட்லைட் போட்டதும் நகர்ந்தது. டேஷ்போர்டு மீட்டர் அசையவில்லை. 0.1 வோல்ட் வித்தியாசம் என் லாகரில் லாம்டா 0.02. ஜெட் மாற்றும் முடிவுக்கு அது சின்ன எண் இல்லை. கன்ட்ரோலர், லாகர் இரண்டின் எர்த்தையும் எஞ்சின் பிளாக்கில் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்ததும் சரியானது.

இனி பலன். மேடு ஏறும்போது ஆக்சிலரேட்டரைப் பாதிக்கும் குறைவாக மிதித்தால் 2,500 ஆர்பிஎம் பக்கத்தில் வண்டி ஒரு கணம் தயங்கும். பல காலமாக இதற்கு டிஸ்ட்ரிபியூட்டர்தான் திட்டு வாங்கியது. மீட்டரில் பார்த்தால் 0.95-ல் நின்ற எண் அந்த இடத்தில் 1.15-க்கு ஏறி, மெயின் ஜெட் வேலைக்கு வந்ததும் 0.90-க்கு இறங்கியது. மெயின் ஜெட்டில் குறை இல்லை. அதற்கு முன் பெட்ரோல் தருவது ஐடில் ஜெட். 50-ஐக் கழற்றி 55 போட்டேன். துளை விட்டத்தில் வித்தியாசம் வெறும் 0.05 மில்லிமீட்டர், ஆனால் பரப்பில் 21 சதவீதம். தயக்கம் போய்விட்டது. ஐடில் மிக்சர் ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் உள்ளே திருப்ப வேண்டியிருந்தது. முழு மிதியில் நான் பயந்ததற்கு மாறாக எல்லாம் ரிச் பக்கமே இருந்தது, மெயின் ஜெட்டை ஒரு சைஸ் குறைத்தேன்.

மீட்டரை ஏ.எஃப்.ஆர் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) எண்ணில் வைக்காமல் லாம்டாவிலேயே வைத்திருக்கிறேன். 14.7 என்பது சுத்தமான பெட்ரோலுக்கான எண். 10 சதவீதம் எத்தனால் கலந்தால் அதே நிலை 14.1 பக்கம் வந்துவிடும். லாம்டா 1 எப்போதும் 1-தான்.

நம்பக் கூடாத இடங்களும் உண்டு. சென்சார் அளப்பது ஆக்சிஜனை, பெட்ரோலை அல்ல. பிளக் நனைந்து ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால், எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியேறி, மிக்சர் ரிச்சாக இருக்கும்போதே மீட்டர் லீன் என்று சொல்லும். ஆக்சிலரேட்டரை விட்டு இறக்கத்தில் வரும்போது காட்டும் எண்ணும் இந்த ரகம்தான், அதை நான் பார்ப்பதே இல்லை. ஐடிலிலும் முழுதாக நம்புவதில்லை, காதையே நம்புகிறேன்.

சென்சார் தேயும் பொருள். ரிச்சாக ஓடும் கார்புரேட்டர் வண்டியில் இன்னும் சீக்கிரம் தேயும். என் முதல் சென்சார் சாவதற்கு முன் மந்தமானது, மிதித்தால் எண் சோம்பலாக நகர்ந்தது. சந்தேகம் வந்தால் கழற்றி வெளிக்காற்றில் பிடித்துப் பார்க்கலாம். 20.9 சதவீத ஆக்சிஜனில் லீன் எல்லைக்கே போய் நிற்க வேண்டும். புதிது வாங்கும்போது போலிகள் ஜாக்கிரதை. வயரை வெட்டி ஒட்டவும் வேண்டாம், அளவீட்டுத் திருத்தத்துக்கான ரெசிஸ்டர் கனெக்டருக்குள்ளேதான் இருக்கிறது. எஞ்சினில் சாதாரண சிலிகான் சீலன்ட் பூசினாலும் அதன் ஆவி சென்சாருக்கு விஷம்.

ஒரு குறை தீரவில்லை. முன் கார்புரேட்டர் 1, 2 சிலிண்டருக்கும் பின்னது 3, 4-க்கும் ஊட்டுகிறது. குழாய்களோ 1-4, 2-3 என்று ஜோடி சேர்கின்றன. இரண்டு குழாயிலும் தனித்தனி சென்சார் போட்டாலும் ஒவ்வொன்றிலும் இரு கார்புரேட்டரின் புகையும் கலந்தே வரும்; ஒன்று ரிச், ஒன்று லீன் என்றிருந்தால் சராசரி அழகாக 1 என்று நிற்கும். அதனால் காற்றோட்ட மீட்டரை வைத்து கார்புரேட்டர்களை பேலன்ஸ் செய்வதும், நாலு பிளக்கையும் கழற்றி நிறம் பார்ப்பதும் இப்போதும் தொடர்கிறது.