டாட்டா, ஃபைபரா? ஆக்‌ஷன் ஷூட்டிங் பிஸ்டலுக்கு எந்த சைட்

ஆக்‌ஷன் ஷூட்டிங்னா ஓடிக்கிட்டே, நேரத்தோட போட்டி போட்டு டார்கெட்டை சுடற விளையாட்டு. அதுல குறிபாக்கற சைட் ரெண்டு வகை: ஃபைபர்னா முன் சைட்ல ஒளியை பிடிக்கற கலர் குச்சி, டாட்னா சின்ன கண்ணாடி ஜன்னல்ல தெரியற ஒளிப்புள்ளி. போன வருஷம் வரைக்கும் நான் ஃபைபர் ஆளு. ப்ரொடக்‌ஷன் டைவிஷன் (துப்பாக்கி வகை வெச்சு பிரிச்ச போட்டிப் பிரிவு), சி.இசட். ஷேடோ 2 பிஸ்டல், முன்னாடி சிவப்பு ஃபைபர், பின்னாடி வெறும் கருப்பு நாட்ச் (பள்ளம்). இப்ப அதே துப்பாக்கியோட ஆப்டிக்ஸ் ரெடி (டாட் மாட்ட வசதி உள்ள) மாடல், ஸ்லைடு (சுடும்போது முன்னும் பின்னும் ஓடற மேல் பாகம்) மேல டாட், கேரி ஆப்டிக்ஸ் டைவிஷன். இங்க டெக்சஸ்ல மேட்சுக்கு புதுசா வர்ற நம்ம பசங்க எல்லாரும் முதல்ல கேக்கறது இதைத்தான், டாட் வாங்கவா, அயர்ன் சைட்டே (ஃபைபர் மாதிரி கண்ணாடி இல்லாத சாதா சைட்) போதுமான்னு. ரெண்டுலயும் முழு சீசன் சுட்டிருக்கறதால கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

சைட்டை மட்டும் தனியா எடுத்து முடிவு பண்ண முடியாதுங்க, டைவிஷனும் கூடவே வரும். யு.எஸ்.பி.எஸ்.ஏ.ல (அமெரிக்காவுல இந்தப் போட்டிகளை நடத்தற அமைப்பு) ப்ரொடக்‌ஷன், லிமிடெட், சிங்கிள் ஸ்டாக் எல்லாம் அயர்ன் சைட் மட்டும்தான். டாட் வேணும்னா கேரி ஆப்டிக்ஸ், இல்ல 2023-ல வந்த லிமிடெட் ஆப்டிக்ஸ், அதுவும் இல்லன்னா ஓப்பன். ப்ரொடக்‌ஷன் துப்பாக்கியில ஆசைக்கு ஒரு டாட் மாட்டிக்கிட்டு அதே டைவிஷன்ல நிக்க முடியாது, உங்களை ஓப்பனுக்கு தூக்கிடுவாங்க, அங்க காம்பன்சேட்டர் (குழல் முனையில உதையை குறைக்கற பாகம்) போட்ட பெரிய துப்பாக்கிகளோட மோதணும்.

சரி, ஃபைபர். இதோட பெரிய பலம், பேட்டரி கிடையாது, கண்ணாடி கிடையாது, கெட்டுப்போக பெருசா ஒண்ணும் இல்ல. ராட் (அந்த ஃபைபர் குச்சி) உடைஞ்சா நீங்களே அஞ்சு நிமிஷத்துல மாத்திடலாம்: கொஞ்சம் நீளமா வெட்டி, ஒரு முனையை லைட்டர்ல காட்டினா உருகி குட்டி குடை மாதிரி விரியும், உள்ள விட்டு இழுத்து, மறுமுனையை ஒரு மில்லிமீட்டர் விட்டு வெட்டி அதையும் உருக்கணும், தீ ராட்மேல படக்கூடாது, பக்கத்துல காட்டினா போதும். என் ரேஞ்ச் பேக்ல எப்பவும் அரை அடி ராடும் ஒரு லைட்டரும் இருக்கும்.

ஆனா ஒரு விஷயத்துல ஏமாந்துடுவோம். மத்தியான வெயில்ல ஃபைபர் அப்படி ஜொலிக்கும், கண்ணு அந்த ஒளியையே பிடிச்சுக்கும், பிளேடோட (முன் சைட் தகடு) மேல் விளிம்பை மறந்துடும். ஒளிப்புள்ளி இருக்கறது விளிம்புக்கு கீழ. புள்ளியை கொண்டுபோய் பின் சைட்டோட மேல் மட்டத்துல வெச்சா பிளேடு அதுக்கும் மேல நிக்கும், குண்டு மேல போகும். 20 கஜம் தாண்டின ஸ்டீல் டார்கெட்டுக்கு நான் சுட்டதெல்லாம் மேல மேல போய் மிஸ் ஆனது இதனாலதான், கண்டுபிடிக்கவே மூணு மாசம் ஆச்சு. 0.060 இஞ்ச் தடிமன் ராட்ல இருந்து 0.040-க்கு மாறினதும் பாதி சரியாயிடுச்சு. அதனால மெல்லிசு ராட் எடுங்க, பின்னாடி கலர் புள்ளி எதுவும் வேணாம்.

முன் சைட் உயரமும் கவனிக்கணும். 25 கஜத்துல உங்க குரூப் (குண்டுங்க சேர்ந்து விழற இடம்) 3 இஞ்ச் கீழ விழுது, ரெண்டு சைட்டுக்கும் நடுவுல 6.5 இஞ்ச் தூரம்னு வெச்சுக்கோங்க. 3-ஐ 6.5-ஆல பெருக்கி 900-ஆல (25 கஜம்னா 900 இஞ்ச்) வகுத்தா கிட்டத்தட்ட 0.022 இஞ்ச், இப்ப இருக்கறதைவிட அவ்வளவு குட்டையான முன் சைட் வேணும். குத்துமதிப்பா வாங்கி வாங்கி மாத்தறதுக்கு பதிலா இந்த கணக்கு காசு மிச்சம் பண்ணும்.

நான் டாட்டுக்கு போனதுக்கு காரணம் கண்ணுதான். வயசு நாப்பத்தஞ்சு தாண்டிடுச்சு, கைய நீட்டினா முன் சைட் மங்கல். கண்ணு ஒரு நேரத்துல ஒரு தூரத்தைத்தான் தெளிவா பாக்கும், அயர்ன்ல அது முன் சைட், டாட்ல டார்கெட். டார்கெட்டை பாத்துக்கிட்டே இருக்கலாம், புள்ளி தானா அங்க வந்து நிக்கும், இது ஓடிக்கிட்டே சுடற ஸ்டேஜ்ல எவ்வளவு பெரிய நிம்மதின்னு சுட்டா மட்டும்தான் புரியும். கேரி ஆப்டிக்ஸ் எல்லாருக்குமே மைனர் ஸ்கோரிங் (நடுவுக்கு வெளிய விழுந்தா மார்க் அதிகமா குறையும்), டார்கெட்டோட நடு ஏ ஜோன்ல விழுந்தா 5, வெளிய சி-ல விழுந்தா 3, அதனால தூரத்துல ஏ எடுக்கறவன்தான் மேல போறான், அங்க டாட் நல்லாவே கைகொடுக்கும். 1990-லயே அடிலெய்டு உலகப் போட்டியில அமெரிக்க வீரர் டக் கோனிக் டாட் வெச்சுதான் ஜெயிச்சாரு, அப்ப அது ஃப்ரேம்ல (ஓடாத கீழ் பாகம்) மாட்டற பெரிய குழாய், இப்ப ஸ்லைடு மேல தீப்பெட்டி அளவுல வந்துடுச்சு.

புள்ளி சைஸ் பத்தி நிறைய குழப்பம் இருக்கு, அதை எம்.ஓ.ஏ.ங்கற கோண அளவுல சொல்வாங்க. 25 கஜத்துல 1 எம்.ஓ.ஏ. கிட்டத்தட்ட கால் இஞ்ச், அப்ப 6 எம்.ஓ.ஏ. புள்ளி ஒன்றரை இஞ்சை மறைக்கும். ஏ ஜோன் அகலமே 6 இஞ்ச், தாராளமா போதும், பெரிய புள்ளி வேகமா கண்ணுல படும். 2.5 மாதிரி சின்னது துல்லியம்தான், ஆனா வெயில்ல தேட வேண்டியிருக்கு. என் ஓட்டு 5, 6 பக்கம். கண்ணுல அஸ்டிக்மாடிசம் (ஒரு பார்வைக் குறை) இருந்தா புள்ளி வால் முளைச்ச மாதிரி தெரியும், வாங்கறதுக்கு முன்னாடி நண்பர் துப்பாக்கியில ஒருதரம் பாத்துடுங்க. ஜன்னல் எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது, டிரிஜிகான் எஸ்.ஆர்.ஓ. டாட்டை மேட்ச் ஆளுங்க விரும்பறது அதுக்குத்தான். மழை அதிகமுள்ள ஊர்னா எமிட்டர் (புள்ளியை உண்டாக்கற விளக்கு) மூடினதா எடுங்க, அக்ரோ டாட் மாதிரி, ஏன்னா திறந்ததுல ஒரு சொட்டு தண்ணி எமிட்டர் மேல விழுந்தா புள்ளி சிதறிப்போகும்.

டாட்டோட பலவீனம் ஸ்க்ரூ. ஸ்லைடு ஒவ்வொரு ஷாட்டுக்கும் முன்னும் பின்னும் அடிக்குது, மேல உக்காந்திருக்கறது அத்தனை உதையும் வாங்குது. போன மார்ச்ல நாலாவது ஸ்டேஜ்ல எனக்கு குண்டு எல்லாம் இடதுபக்கம் ஒதுங்க ஆரம்பிச்சுது, நான் டிரிகரைத்தான் சந்தேகப்பட்டேன், முடிச்சுட்டு சேஃப் டேபிள்ல (காலி துப்பாக்கியை மட்டும் எடுத்து பாக்க விடற இடம்) தொட்டு பாத்தா டாட் பல்லு மாதிரி ஆடுது. டாட்டை ஸ்லைடோட சேர்க்கற அடாப்டர் பிளேட் ஸ்க்ரூ லூஸ். மூணு மிஸ், மேட்சே போச்சு. அதுக்கப்புறம் நீல லாக்டைட் (ஸ்க்ரூ கழலாம பிடிக்கற பசை), டார்க் டிரைவர் (முறுக்கை அளந்து இறுக்கற கருவி), ஸ்க்ரூ தலைக்கும் பாடிக்கும் சேர்த்து வெள்ளை பெயின்ட்ல ஒரு கோடு. கோடு உடைஞ்சிருக்கான்னு ஒவ்வொரு மேட்சுக்கும் முன்னாடி பாப்பேன்.

ஓப்பனை பத்தி ஒரு வார்த்தை. ஃப்ரேம்ல மாட்டின சி-மோர் மாதிரி டாட் ஸ்லைடோட ஓடாது, காம்பன்சேட்டர் வேற சேர்ந்தா புள்ளி அந்த இடத்துலயே நிக்கற மாதிரி இருக்கும், அவ்வளவு அழகு. ஆனா துப்பாக்கி மட்டுமே பல ஆயிரம் டாலர், முதல் வருஷத்துக்கு வேணவே வேணாம்.

அப்ப யாருக்கு எது? நாப்பது தாண்டியிருந்தா யோசிக்காம டாட் எடுங்க. இருபதுகள்ல இருந்து கண்ணு நல்லா இருந்தா, கையில ஏற்கனவே அயர்ன் துப்பாக்கி இருந்தா, ஒரு சீசன் அதுலயே சுடுங்க, கிட்டத்தட்ட 100 டாலருக்கு நல்ல ஃபைபர் செட் போதும், மிச்ச காசுக்கு தோட்டா. டாட்டுக்கு வர்றவங்க முதல் மாசம் டிரா பண்ணதும் (உறையில இருந்து எடுத்ததும்) புள்ளியை காணோம்னு ஜன்னலுக்குள்ள துழாவுவாங்க, அது டாட்டோட குத்தம் இல்ல, கிரிப் இன்னும் படியல. துப்பாக்கி காலியான்னு ரெண்டுதரம் பாத்துட்டு, தோட்டாவை வேற ரூம்ல வெச்சுட்டு, ஜன்னலோட முன்பக்கம் ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டி, ரெண்டு கண்ணையும் திறந்து வெச்சு சுவத்துல இருக்கற சுவிட்சை பாத்துக்கிட்டே டிரா பண்ணுங்க. சுவிட்சை பாத்தா புள்ளி அது மேலயே வந்து உக்காரும், புள்ளியை தேடினா டேப் மட்டும்தான் தெரியும். தினம் பத்து நிமிஷம் போதும், எனக்கு மூணாவது வாரம் வந்துடுச்சு.