டிக்கெட் ஆப்பின் ‘விரைவில்’ பக்கம்: இரண்டு வரிக் கதையை நம்பிப் படத்துக்குப் போகலாமா?

டிக்கெட் போடும் ஆப்களில் ‘விரைவில்’ என்று ஒரு பக்கம் இருக்கும். வரப்போகும் படங்களின் போஸ்டர், கீழே இரண்டு மூன்று வரியில் கதைச்சுருக்கம், அதற்கும் கீழே ஆர்வம் இருந்தால் அழுத்தச் சொல்லி ஒரு பொத்தான். நான் வைத்திருக்கும் ஆப்பின் அந்தப் பக்கத்தைப் பற்றித்தான் இந்த விமர்சனம். படங்களைப் பற்றி இல்லை, அவை இன்னும் வரவே இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் எந்தப் படத்துக்குப் போவது என்பது பாதிக்கு மேல் அந்த இரண்டு வரியிலேயே முடிவாகிவிடுகிறது. அதனால் அதைத் தனியாக எடுத்துப் பேச வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்தேன்.

எங்கள் பக்கம் படத்துக்குப் போவது சின்ன வேலை இல்லை. வலங்கைமான், குடவாசல் பக்கம் கிராமத்தில் இருக்கிறவர்கள் நல்ல தியேட்டர் வேண்டுமென்றால் கும்பகோணம் வர வேண்டும், அதைவிடப் பெரிய திரை வேண்டுமென்றால் தஞ்சாவூர். பிள்ளைகள், பெரியவர்கள் எல்லோரையும் கிளப்பிக்கொண்டு பஸ் ஏறி, டிக்கெட், இடைவேளைத் தீனி, திரும்பும்போது டிபன் என்று கணக்குப் போட்டால் ஒரு படத்துக்கு ஆகும் செலவில் ஒரு வாரத்து மளிகை வாங்கிவிடலாம். டிரெய்லர் கடைசி நேரத்தில்தான் வரும், அதிலும் பாதி சண்டை, பாதி பின்னணி இசை. அதற்கு முன்னால் படத்தைப் பற்றி நம் கைக்குக் கிடைப்பது இந்த இரண்டு வரிதான்.

சரி, அந்த வரிகள் எப்படி இருக்கின்றன? பெரும்பாலும் மோசம். ‘அமைதியான கிராமத்தில் வாழும் இளைஞனின் வாழ்க்கையை எதிர்பாராத ஒரு சம்பவம் புரட்டிப் போடுகிறது. அதன் பின் என்ன நடந்தது என்பதே மீதிக் கதை.’ இந்த மாதிரி எழுதினால் அதை எடுத்துப் பக்கத்துப் போஸ்டருக்குக் கீழே ஒட்டினாலும் பொருந்தும். அந்த இளைஞன் என்ன வேலை பார்க்கிறான், எந்த ஊர், என்ன சம்பவம், அதனால் அவனுக்கு என்ன நஷ்டம், ஒன்றுமே இல்லை. இதைப் படித்துவிட்டு ஆர்வம் என்று அழுத்துகிறவர்கள் நிச்சயம் கதைக்காக அழுத்தவில்லை, ஹீரோ முகத்துக்காகத்தான் அழுத்தியிருப்பார்கள்.

இதில் எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறு விஷயம். தமிழ் சினிமாவில் ஒன்லைன், அதாவது முழுக் கதையையும் ஒரு வரியில் சொல்லித்தான் படமே கிடைக்கிறது. ஒரு உதவி இயக்குநர் வருஷக்கணக்கில் அலைந்து ஒரு தயாரிப்பாளர் முன்னால் உட்கார்ந்து அந்த ஒன்லைனைச் சொல்லும்போது, எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்கார்ந்தால்தான் அடுத்த பேச்சு. அவ்வளவு பேரைத் தாண்டி வந்த ஒரு வரி, படம் பூஜை போட்டு முடித்து, ஃபர்ஸ்ட் லுக் வந்து, கடைசியில் பணம் கொடுக்கப் போகிற நம்மிடம் வரும்போது மட்டும் சப்பென்று ஆகிவிடுகிறது. திருப்பம் வெளியே போய்விடும் என்ற பயம், யாராவது கதை என்னுடையது என்று கிளம்பிவிடுவார்களோ என்ற பயம், எந்தச் சங்கம் போஸ்டர் கிழிக்குமோ என்ற பயம், எல்லாம் சேர்ந்து அந்த வரியில் இருக்கும் ரத்தத்தை உறிஞ்சிவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன்.

பழைய பாட்டுப் புத்தகங்களில் இந்த வேலையை எவ்வளவு அழகாகச் செய்தார்கள்! தாத்தா பெட்டியில் அந்த மாதிரிப் புத்தகங்கள் ஒரு கட்டு இருந்தன, மெல்லிய தாள், தொட்டால் ஓரம் உதிரும். உள்ளே யார் யார் எந்தப் பாத்திரம் என்ற பட்டியல், அப்புறம் கதைச்சுருக்கம், அப்புறம் பாட்டுகள். கதைச்சுருக்கத்தில் ஆட்கள் பெயரோடு வருவார்கள், யாருக்கு யார் என்ன உறவு, யார் யாரை ஏமாற்றினார், எங்கே முடிச்சு விழுந்தது என்று விறுவிறுவென்று சொல்லி, அண்ணன் தம்பி எதிரும் புதிருமாக நிற்கிற இடத்தில் டக்கென்று நிறுத்தி ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று போட்டுவிடுவார்கள். முடிச்சு வரைக்கும் தாராளமாகச் சொல்லு, அவிழ்ப்பதை மட்டும் மறைத்து வை. இந்த ஒரு கணக்கு தெரிந்திருந்தால் போதும். இப்போதைய ஆப் வரிகள் முடிச்சையே மறைத்துவிடுகின்றன.

நான் ஒரு வரியை எப்படிச் சோதிப்பேன் என்றால், அத்தைக்கு வாசித்துக் காட்டுவேன். அத்தைக்கு ஆப் எல்லாம் தெரியாது. “என்ன கதையாம் தம்பி?” என்று கேட்பார். வாசித்து முடித்ததும் “அப்புறம்?” என்றால் அந்தப் படத்துக்குப் போகலாம். “யாரு நடிச்சிருக்கா?” என்றால் வரியில் சரக்கு இல்லை. இது பெரும்பாலும் பொய்த்ததில்லை.

டெல்டா பற்றிய படங்கள் என்றால் வரிகள் இன்னும் மோசம். ‘விவசாயத்தைக் காக்கப் போராடும் இளைஞன்’, ‘கார்ப்பரேட்டை எதிர்க்கும் கிராமம்’. இங்கே இருக்கிற எங்களுக்கே அதைப் படித்தால் ஒரு உருவமும் மனசில் வருவதில்லை. சும்மா கற்பனைக்கு நான் ஒன்று சொல்கிறேன். குறுவை அறுவடை ஐப்பசி மழையில் மாட்டிக்கொள்கிறது. ஒரு கணவன், மனைவி நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வெளியே நெல்லைக் கொட்டித் தார்ப்பாய் போட்டுக் காவல் இருக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். பகலில் வெயில் எட்டிப் பார்த்தால் தார்ப்பாயை விலக்கிக் காலால் துழாவிக் காய வைக்கிறார்கள், சாயங்காலம் தூறினால் ஓடி மூடுகிறார்கள். மழைக்கு நடுவே ஒருநாள் வெயில் அடிக்கிறது, அன்றைக்குள் காய்ந்து 40 கிலோ சிப்பமாகப் பிடித்து எடை போட்டாக வேண்டும். மறுநாள் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டக் கடைசி தேதி. இதை இரண்டு வரியில் எழுதிப் போடுங்கள், நான் ஹீரோ யார் என்று கேட்காமலே போவேன். ஆள், இடம், கெடு, இழப்பு நான்கும் இருக்கிறது.

தண்ணீருக்கும் அப்படித்தான். ‘தண்ணீருக்காகப் போராடும் கிராமம்’ என்று எழுதுவதை விட, மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12-ல் திறக்காமல் தள்ளிப்போன வருஷம், முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள், மேலே இருக்கிறவர் ராத்திரி மதகுப் பலகையை இறக்கிவிட்டார், வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருக்கும் கடைமடைக்காரர் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்புகிறார் என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

சிலைக் கடத்தல் படங்கள் வந்தாலும் ‘பழமையான சிலையின் மர்மத்தைத் தேடும் நண்பர்கள்’ என்ற ஒரே அச்சுதான். பத்தூர் நடராஜர் கதை நம் பக்கத்தில் நடந்தது. 1976-ல் திருவாரூர் பக்கம் பத்தூரில் மண்ணைத் தோண்டிய ஒரு கூலித் தொழிலாளி கையில் கிடைத்த சிலை, கைமாறிக் கைமாறி லண்டன் வரை போய், அங்கே நீதிமன்றத்தில் கோயில் தரப்பே நின்று வழக்காடி, 1991-ல் இந்தியா திரும்பியது. நடந்ததை அப்படியே சொன்னாலே அத்தை “அப்புறம்?” என்பார்.

எல்லாப் படத்துக்கும் இந்த அளவுகோல் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காமெடிப் படத்தின் சுருக்கம் எப்போதும் தட்டையாகத்தான் இருக்கும், ஏனென்றால் சிரிப்பு வசனத்திலும் நேரத்திலும் இருக்கிறது, கதையில் இல்லை. அதனால் காமெடிக்கு நான் வரியைப் பார்ப்பதில்லை, படத்துக்கு வசனம் எழுதியவர் யார் என்று பார்ப்பேன். பேய்ப் படத்துக்கும் வரி பார்த்துப் பிரயோஜனம் இல்லை.

ஆப் பக்கம் வருகிறேன். போஸ்டர், தேதி, நடிகர் பெயர்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, தேடுவது சுலபம், தேதி தள்ளிப்போனால் அறிவிப்பும் வருகிறது. இதற்கெல்லாம் குறை சொல்ல மாட்டேன். குறைகள் மூன்று. நான் தமிழை மொழியாகத் தேர்ந்தெடுத்திருந்தும் பல தமிழ்ப் படங்களின் கதைச்சுருக்கம் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது, அத்தை மாதிரி ஆட்களுக்கு யாராவது வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்தது, வரியை யார் எழுதினார்கள், எப்போது எழுதினார்கள் என்று போடுவதில்லை. பூஜை சமயத்தில் கொடுத்த வரி, படம் எடிட் ஆகி வேறு கதையாக மாறிய பிறகும் அப்படியே கிடக்கிறது. கடைசிக் குறை, தணிக்கைச் சான்று வந்த பிறகும் அதைச் சேர்க்கத் தாமதம் செய்கிறார்கள். இது பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு முக்கியம். 2024-ல் வந்த விதிகளின்படி யுஏ சான்றை இப்போது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று வயதுவாரியாகப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். வரியில் ‘திருவிழாவில் இரு குடும்பங்களுக்கு இடையே மோதல்’ என்று இருந்து சான்றில் 16+ இருந்தால் திரை முழுக்க ரத்தம் என்று புரிந்துகொள்ளலாம், சின்னப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம். வரியும் சான்றும் ஒன்றாக இருந்தால்தான் படத்தின் குணம் தெரிகிறது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை கொடுப்பேன். அந்த இரண்டரையும் தேடும் வசதிக்கும் தேதி அறிவிப்புக்கும்தான். கதைச்சுருக்கத்தைத் தயாரிப்பு நிறுவனம் அனுப்பியபடியே ஒட்டாமல், ‘ஆள் யார், என்ன முடிச்சு, எதுவரை சொல்லலாம்’ என்று இயக்குநரிடமே கேட்டு வாங்கிப் போட்டால் நான்கு கொடுக்கலாம்.

வாங்குகிற நமக்கு ஒரு வேண்டுகோள். அந்த ஆர்வப் பொத்தானை ஹீரோவுக்காக அழுத்தாதீர்கள், எத்தனை பேர் அழுத்தினார்கள் என்ற எண்ணிக்கையை அங்கேயே போட்டுக் காட்டுகிறார்கள், பெரிய போஸ்டர்கள் அதிலேயே மேலே போய்விடுகின்றன. கீழே இறங்கிப் பாருங்கள், யாருக்கும் தெரியாத முகம் ஒன்று போஸ்டரில் இருக்கும், அதற்குக் கீழே ஒரு வேலை, ஒரு ஊர், ஒரு கெடு என்று உருப்படியாக இரண்டு வரி எழுதியிருப்பார்கள். அந்தப் பொத்தானை அழுத்துங்கள், முதல் வாரத்திலேயே போங்கள், இரண்டாவது வாரம் அந்தப் படம் கும்பகோணத்தில் ஓடிக்கொண்டிருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.