‘பிரைவசிக்கு இதுதான் நல்லது’ என்று சொல்லி விற்ற டிவி பெட்டி: 3,800 ரூபாய் போச்சு, நீங்களாவது வாங்காதீர்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பொள்ளாச்சியில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில், டிவியில் மாட்டுகிற ஆண்ட்ராய்டு பெட்டி ஒன்றை 3,800 ரூபாய்க்கு வாங்கினோம். இப்போது அது பிளக்கைப் பிடுங்கி அலமாரியில் கிடக்கிறது. கடைப் பெயரைப் போடவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது ஒரு பக்கம் நடக்கட்டும். ஆனால் இதே பேச்சைப் பேசி இதே மாதிரிப் பெட்டியை விற்கிற கடைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. அதனால்தான் இந்தப் பதிவு.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். ரேஷன் கார்டு கேரளா, வீட்டுப் பேச்சு தமிழ். துணி எடுப்பதிலிருந்து மிக்சி ரிப்பேர் வரை எல்லாவற்றுக்கும் கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டிப் பொள்ளாச்சிதான். அப்பாவுக்குப் பழைய தமிழ்ப் படங்கள் வேண்டும், யூடியூபில் பட்டிமன்றம் வேண்டும். வீட்டு டிவி பழைய எல்இடி. படம் நன்றாகத் தெரிகிறது, ஸ்மார்ட் வசதி மட்டும் கிடையாது. நல்ல டிவியைத் தூக்கிப் போடுவானேன், ஒரு ஸ்டிக் வாங்கி எச்டிஎம்ஐ-யில் சொருகினால் போதும் என்றுதான் போனோம்.

கிளம்பும்போதே எனக்கு ஒரு கவலை இருந்தது. அப்பாவின் பென்ஷன் கணக்கும் போனும் ஒரே வைஃபையில்தான் ஓடுகின்றன. நாம் பார்ப்பதை டிவியும் பார்க்கிறது என்பது வெறும் வதந்தியும் கிடையாது. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம், வாங்கியவர்களுக்குத் தெரியாமல் அவர்கள் என்ன பார்க்கிறார்கள் என்று பதிவு செய்ததற்காக 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டித்தான் வழக்கை முடித்தது. அதனால் கடைக்காரரிடம் விலையைக் கேட்பதற்கு முன்னாலேயே இதைத்தான் கேட்டேன். “அண்ணா, விலை கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தாலும் பரவாயில்லை. எங்க தகவல் வெளியே போகக் கூடாது. எது நல்லது?”

அவர் அவசரப்படவே இல்லை. அப்பாவுக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். ஷோகேஸில் ஒரு பெரிய கம்பெனியின் ஸ்டிக் இருந்தது. அதை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு, “இது வேண்டாங்க்கா. இதுல உங்க அக்கவுண்ட்டைப் போட்டாத்தான் ஓடும். நீங்க என்ன பாக்கறீங்க, எத்தனை மணிக்குப் பாக்கறீங்க, எல்லாத்தையும் அவன் எழுதி வெச்சுக்குவான். விளம்பரமா வந்து கொட்டும்” என்றார். அப்புறம் உள்ளே போய் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்துவந்தார். “இதுல அக்கவுண்டே வேண்டாம். யாருக்கும் எதுவும் போகாது. நானே எங்க வீட்டுக்கு இதைத்தான் போட்டிருக்கேன். ஐயாவுக்கு எல்லாச் சேனலும் இலவசம், சந்தா கட்ட வேண்டியதில்லை.”

நம்பாமல் எப்படி இருப்பது? நான் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னார். விலை அதிகமானதைத் தள்ளிவிடப் பார்க்கவில்லை. “ஐயாவுக்கு நான் கெடுதல் பண்ணுவனா” என்று அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அந்த வார்த்தைக்குத்தான் 3,800 ரூபாயை எடுத்துக் கொடுத்தோம்.

அட்டைப் பெட்டியின் மேல் 8கே, 128 ஜிபி, ஆண்ட்ராய்டு 13 என்று பெரிய பெரிய எழுத்து. கம்பெனி பெயர் மட்டும் எங்கேயும் இல்லை. வீட்டில் மாட்டியதும் கூகுளின் பிளே ஸ்டோர் வராமல் வேறு ஏதோ ஒரு ஸ்டோர் வந்தது. சேனல் ஆப்பைப் போட, ‘பிளே புரொடெக்ட்டை அணைக்கவும்’ என்று கேட்டது. கெட்ட ஆப்களைக் கண்டுபிடிக்கிற கூகுளின் பாதுகாப்புச் சோதனைதான் அது. கடைக்காரருக்குப் போன் போட்டேன். “அணைச்சிருங்க்கா, எல்லாருக்கும் அப்படித்தான்” என்றார். நாங்கள் காசு கட்டிப் பார்க்கிற ஓடிடியில் படம் மங்கலாகத்தான் வந்தது. உரிமம் இல்லாத பெட்டிகளுக்கு அந்த நிறுவனங்கள் எச்டி தருவதில்லை, 480 அளவோடு நிறுத்திக்கொள்கின்றன என்று பிறகுதான் தெரிந்தது. பெட்டியில் 8கே என்று அச்சடித்திருப்பதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதுகூடப் பெரிய விஷயம் இல்லை. கொஞ்ச நாளில் என் லேப்டாப்பில் எந்தத் தளத்தைத் திறந்தாலும், நீ மனிதர்தானா என்று கேட்டு, டிராஃபிக் லைட் எங்கே, பஸ் எங்கே என்று கட்டம் கட்டமாகப் படம் காட்ட ஆரம்பித்தது. அப்பாவின் போனிலும் அதே கதை. வைஃபை இழுத்தடித்தது. ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகும் மோடத்தின் விளக்கு விடாமல் துடித்துக்கொண்டிருந்தது.

பிராட்பேண்ட் இணைப்பைப் பார்த்துக்கொள்ளும் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் மோடத்துக்குள் நுழைந்து பார்த்துவிட்டு, “அக்கா, உங்க வீட்ல இருந்து ராத்திரி முழுக்க அப்லோடு போயிட்டே இருக்கு. போன் இல்ல, லேப்டாப் இல்ல. டிவி கிட்ட இருக்கறது என்ன?” என்று கேட்டான். பெட்டியின் பிளக்கைப் பிடுங்கச் சொன்னான். பிடுங்கினேன். அப்லோடு பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. திரும்பவும் மாட்டச் சொன்னான். டிவியைப் போடக்கூட இல்லை, பெட்டிக்குக் கரண்ட் கொடுத்ததுதான் தாமதம், எண் ஏற ஆரம்பித்தது. எனக்குக் கை கால் எல்லாம் நடுங்கிவிட்டது.

அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெயர் தெரியாத இந்த மாதிரிப் பெட்டிகள் பலவற்றில், தொழிற்சாலையிலிருந்தோ வழியிலோ கெட்ட மென்பொருளை ஏற்றித்தான் அனுப்புகிறார்கள். சில, முதன்முதலில் ஆப் இறக்கும்போது அதை உள்ளே விடுகின்றன. பிறகு நம் வீட்டு இணைப்பை நமக்குத் தெரியாமல் வெளியாட்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். யாரோ எங்கேயோ உட்கார்ந்து செய்கிற மோசடி, நம் வீட்டு ஐபி முகவரியிலிருந்து, அதாவது நம் இணைப்பின் அடையாள எண்ணிலிருந்து நடந்த மாதிரி தெரியும். தளங்களெல்லாம் எங்களைச் சந்தேகப்பட்டது இதனால்தான். 2024 செப்டம்பரில் வோய்ட் என்ற மென்பொருள் 197 நாடுகளில் சுமார் 13 லட்சம் பெட்டிகளில் புகுந்திருப்பதாக டாக்டர் வெப் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் சொன்னது. பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில் ஒரு கும்பல் 1 கோடிக்கும் மேற்பட்ட கருவிகளைப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லி 2025 ஜூலையில் கூகுள் நியூயார்க்கில் வழக்குப் போட்டது. அதற்கு முந்தைய மாதம் அமெரிக்காவின் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ வெளியிட்ட எச்சரிக்கையில் அடையாளங்களையும் சொல்லியிருந்தார்கள்: கேள்விப்படாத பிராண்டு, பிளே புரொடெக்ட்டை அணைக்கச் சொல்வது, இலவசமாக எல்லாம் பார்க்கலாம் என்ற விளம்பரம், முறைப்படி அல்லாத ஆப் ஸ்டோர், காரணம் புரியாத இணையப் போக்குவரத்து. எங்கள் பெட்டியில் இத்தனையும் இருந்தது.

பெரிய கம்பெனி ஸ்டிக்குகளும் நம்மைப் பற்றிய தகவலை எடுக்கத்தான் செய்கின்றன. அதில் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அமேசானின் ஃபயர் டிவியில் செட்டிங்ஸுக்குள் பிரைவசி பகுதியில் போய், பயன்பாட்டுத் தகவலையும் விருப்பத்துக்கேற்ற விளம்பரத்தையும் அணைத்து வைக்கலாம். கூகுள் டிவியிலும் விளம்பரத்துக்கான அடையாள எண்ணை அழிக்க வழி இருக்கிறது. தவறு நடந்தால் கேட்க ஒரு கம்பெனி இருக்கிறது, பாதுகாப்பு அப்டேட் வருகிறது. இந்தக் கறுப்புப் பெட்டிக்கு யாரைப் போய்க் கேட்பது? ஒரு உண்மையைக் காட்டி, அதைவிடப் பத்து மடங்கு மோசமானதை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார். என் பயத்தையே பிடித்துக்கொண்டு விற்றிருக்கிறார். 3,800 ரூபாயை விட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுபடி கடைக்குப் போனோம். ஸ்டூல் அங்கேயேதான் இருந்தது, அப்பாவை உட்காரச் சொல்லவில்லை. “ரீசெட் பண்ணிப் பாருங்க.” பண்ணியாச்சு, அதே கதைதான் என்றேன். “உங்க நெட்டுல கோளாறு.” மோடத்தில் தெரிந்ததை போட்டோ எடுத்து வைத்திருந்தேன், காட்டினேன். அதைப் பார்க்கவே இல்லை. “இத்தனை பேர் வாங்கிட்டுப் போயிருக்காங்க, உங்களுக்கு மட்டும் ஏனுங்க பிரச்சனை?” கடைசியில், “கேரளாவுக்கு எல்லாம் வாரண்டி கிடையாது, கம்பெனியில பேசிக்கோங்க” என்றார். எந்தக் கம்பெனி என்று கேட்டதற்குப் பதில் இல்லை, அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். பில்லை நீட்டினேன். ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்ற வரியை விரலால் தட்டிக் காட்டினார். பொருளின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘டிவி உதிரி, 1’ என்றுதான் எழுதியிருந்தது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதெல்லாம் நீலக் குறியோடு நிற்கிறது. இப்போது என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். அப்பா வரும் வழியில் பேசவே இல்லை. கோபாலபுரம் தாண்டிய பிறகு, “விடும்மா, 3,800 ரூபாய்தானே” என்றார். எப்படி விடுவது? அவருடைய பென்ஷன் காசு.

விவரமாக வழிகாட்டி எழுதலாம் என்று நினைத்தேன், இப்போதைக்கு முடியவில்லை. அவசரமாகச் சிலதை மட்டும் சொல்கிறேன். கம்பெனி பெயர் இல்லாத பெட்டியை யார் சொன்னாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வாங்கியிருந்தால், பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ‘அபௌட்’ பகுதியில் பிளே புரொடெக்ட் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டோரே வேறாக இருந்தால் பார்க்கவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்குங்கள். பெட்டியைக் கழற்றிய கையோடு வைஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள், அந்தப் பெட்டியில் போட்ட கூகுள், ஓடிடி பாஸ்வேர்டுகளையும் மாற்றுங்கள்.

‘திரும்ப எடுக்கப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருந்தால் பயப்படாதீர்கள். பில்லில் வேறு கெடு சொல்லாத பட்சத்தில், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. கடை தமிழ்நாட்டில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். எங்களுக்குப் பாலக்காடே போதும், கோயம்புத்தூர் அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குக் கூப்பிடுங்கள், நான் தமிழிலேயே பேசினேன். வங்கிக் கணக்கில் பணமே போயிருந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930.

பொள்ளாச்சி, சித்தூர், மீனாட்சிபுரம் பக்கம் 3,800 ரூபாய்க்கோ அதற்குப் பக்கத்திலோ இதே மாதிரிப் பெட்டி வாங்கியவர்கள் இருந்தால் பில்லையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.