போர் விமான மாடலில் தப்பான பாகத்தைத் திருத்துவது: அலமாரியில் பல வருடம் நின்ற பிறகு ஒரு கணக்கு

போர் விமான மாடல் செய்கிற எல்லோரும் என்றைக்காவது இந்த இடத்துக்கு வந்து சேர்வார்கள். பெட்டிக்குள் இருக்கும் பாகம் நிஜ விமானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று தெரிந்துவிடும், தெரிந்த பிறகு கண் வேறு எங்கேயும் போகாது. மாற்றுப் பாகம் வாங்குவதா, கையால் செய்வதா, இருக்கிறதை வைத்தே முடிப்பதா? இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மாடல் முடிந்த அன்றைக்கு எடுத்த படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்கு அப்புறம் நடப்பது. வருடக்கணக்கில் அலமாரியில் நின்ற பிறகு அந்தத் திருத்தம் இன்னும் நேராக நிற்கிறதா, விரிசல் விட்டதா, போட்ட உழைப்பு இப்போதும் கண்ணுக்குத் தெரிகிறதா? என்னிடம் இருக்கும் 1/48 அளவு (நிஜத்தில் 48-இல் ஒரு பங்கு) முஸ்டாங், ஸ்பிட்ஃபயர், மிக்-21 மூன்றையும் வைத்துச் சொல்கிறேன்.

கத்தியை எடுப்பதற்கு முன்னால் துல்லியமாக அளக்கும் காலிப்பரை எடுக்க வேண்டும். பி-51டி முஸ்டாங்கின் இறக்கை விரிவு 11.28 மீட்டர், அதை 48-ஆல் வகுத்தால் 235 மில்லிமீட்டர். இறக்கைக்குக் கீழே இருக்கும் முதன்மைச் சக்கர டயர் 27 அங்குல விட்டம், மாடலில் அது 14.3 மில்லிமீட்டர் வர வேண்டும். இந்த மாதிரி சந்தேகமில்லாத அளவுகள் நாலைந்து கையில் இருந்தால் போதும், கிட்டையும் (பெட்டியில் வரும் மாடல் பாகங்களையும்) சோதிக்கலாம், வரைபடத்தையும் சோதிக்கலாம். வரைபடத்தைக் கட்டாயம் சோதியுங்கள். அச்சிடும்போது நீளவாக்கில் கொஞ்சம் இழுபட்ட வரைபடங்கள் நிறைய உண்டு, ஒரே விமானத்துக்கு இரண்டு பேர் வரைந்தது ஒன்றோடு ஒன்று பொருந்தாததும் உண்டு. புகைப்படத்திலும் அதே எச்சரிக்கை வேண்டும்: கிட்ட நின்று அகலக்கோண லென்ஸில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்தும் வால் சிறுத்தும் தெரியும். வடிவத்தைப் பார்ப்பதற்குத் தூரத்தில் இருந்து நீண்ட லென்ஸில் பக்கவாட்டில் எடுத்த படம்தான் உதவும். அருங்காட்சியகத்தில் நிற்கும் விமானம் என்றாலும் டயர், இருக்கை, ஆன்டெனா எல்லாம் பின்னால் வேறு விமானத்தில் இருந்து எடுத்து மாட்டியதாக இருக்கலாம், அதனால் பறந்துகொண்டிருந்த காலத்துப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் நான் நம்புவேன்.

சரி, பிழை இருக்கிறது என்று உறுதியாகிவிட்டது. எல்லாவற்றையும் திருத்த வேண்டுமா? வேண்டாம் என்பதுதான் என் முடிவு, இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். இறக்கை விரிவில் அரை மில்லிமீட்டர் குறைந்தால் நிஜத்தில் அது 24 மில்லிமீட்டர், 11 மீட்டர் இறக்கையில் அதை யாராலும் பார்க்க முடியாது. அதே அரை மில்லிமீட்டர் கேனோபியின் (விமானி அறையின் கண்ணாடி மூடியின்) உயரத்தில் குறைந்தால் விமானத்தின் முகமே மாறிவிடும். மூக்கின் வளைவு, கேனோபி, வாலின் அகலம், விமானம் சக்கரத்தில் நிற்கும் சாய்வு, இந்த நான்கும் சரியாக இருந்தால் மிச்சத்தை மன்னிக்கலாம். குறிப்பாகச் சக்கரத்தில் நிற்கும் தோரணை. லேண்டிங் கியர் கால் ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் நிறுத்தி வைத்த விமானம் எடையே இல்லாத பொம்மையாகத் தெரியும், காலை வெட்டிக் குறைப்பதோ சிறு வேலைதான். பலனோ மணிக்கணக்கில் செய்யும் காக்பிட் வேலையைவிடப் பெரிது.

முஸ்டாங்கில் பேர்போன பிழை சக்கரக் குழி, அதாவது சக்கரம் மடங்கி உள்ளே போகும் இடம். நிஜ விமானத்தில் குழியின் பின்சுவர் என்பது இறக்கையைத் தாங்கும் முதன்மை ஸ்பார்தான் (நீளவாக்கு உத்தரம்), அது இந்தப் பக்கத்தில் இருந்து அந்தப் பக்கம் வரை நேராக ஓடும். நிறைய கிட்களில் பின்சுவர் திறப்பின் ஓரத்தைப் பின்பற்றி வளைந்து வந்துவிடுகிறது. நான் அந்த வளைந்த சுவரை அறுத்து எடுத்துவிட்டு, அரை மில்லிமீட்டர் ஸ்டைரீன் (கிட் செய்யும் அதே பிளாஸ்டிக்) ஷீட்டில் நேர்ச்சுவர் வைத்து, குழிக்குள் இருக்கும் விலா எலும்புகளை அதுவரை நீட்டினேன். ஒட்டியது சாதாரண மாடல் திரவப் பசையில். இந்தப் பசை ஸ்டைரீனைக் கரைத்து இரண்டையும் ஒரே துண்டாக ஆக்கிவிடுகிறது. இத்தனை வருடத்தில் அந்த இணைப்பில் ஒரு மயிரிழைகூட விலகவில்லை. என் அனுபவத்தில் காலத்துக்கு நிற்கும் திருத்தம் என்றால் ஸ்டைரீனோடு ஸ்டைரீன் சேர்த்ததுதான், மற்றதெல்லாம் அதற்குக் கீழே.

ஆனால் அந்த வேலையைச் செய்ய மனமில்லாதவர்களுக்கு ஒரு நேர்மையான வழி இருக்கிறது. முஸ்டாங்கின் உட்பக்கக் குழிக் கதவுகள் எஞ்சின் நின்று ஹைட்ராலிக் அழுத்தம் இறங்கிய பிறகுதான் கீழே தொங்கும், அழுத்தம் இருக்கும்வரை மூடியே இருக்கும். கதவை மூடி ஒட்டினால் குழியே தெரியாது, விமானமும் இப்போதுதான் வந்து நின்றது போல இருக்கும், வரலாற்றுக்கும் முரண் இல்லை. பிழையை மறைக்கும் உண்மையான நிலை ஒன்று இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பதைக் குறைவாக நினைக்கவே கூடாது.

முஸ்டாங்கில் இன்னொன்று, இது குழியைவிட முக்கியம் என்று சொல்வேன். அந்த இறக்கை லாமினார் வகை, காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே ரிவெட்டுகளையும் தகடு இணைப்புகளையும் புட்டி போட்டு அடைத்து, தேய்த்து, மேலே அலுமினிய நிற லாக்கர் அடித்தார்கள். கிட் தயாரிப்பவர்களோ இறக்கை முழுக்க ரிவெட் குத்திக் கொடுக்கிறார்கள், அழகாக இருக்கிறது என்று நாமும் விட்டுவிடுகிறோம். துப்பாக்கி அறை மூடிகள், தோட்டாப் பெட்டி மூடிகள், எரிபொருள் மூடிகள் இவற்றின் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு இறக்கையின் முன்பகுதியில் மற்றதை அடைக்க வேண்டும். அப்புறம் உடலுக்கு வெற்று உலோக நிறமும் இறக்கைக்குக் கொஞ்சம் மங்கலான வெள்ளி நிறமும் அடித்துப் பாருங்கள், அந்த வேறுபாட்டில்தான் முஸ்டாங் முஸ்டாங்காகிறது.

இங்கேதான் காலம் எனக்கு ஒரு தெளிவான பதில் கொடுத்தது. ஒரு இறக்கையின் கோடுகளைத் திரவப் புட்டியால் அடைத்தேன், மற்றதில் சூப்பர் க்ளூ ஓட்டித் தேய்த்தேன். முடித்தபோது இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. இன்று விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால் புட்டி போட்ட பக்கத்தில் பழைய கோடுகள் மெல்லப் பள்ளமாகத் தெரிகின்றன. கரைப்பான் கலந்த புட்டி அந்தக் கரைப்பான் ஆவியாகும்வரை சுருங்கிக்கொண்டே இருக்கும், அது எப்போது முடியும் என்பது நாம் எத்தனை கனமாகப் போட்டோம் என்பதைப் பொறுத்தது. சூப்பர் க்ளூ போட்ட பக்கம் கண்ணாடி போல அப்படியே இருக்கிறது. ஒரே நிபந்தனை, அது இறுகியதும் தாமதிக்காமல் தேய்த்துவிட வேண்டும். ஒரு நாள் விட்டால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக்கைவிடக் கடினமாகி, உப்புத்தாள் பிளாஸ்டிக்கை மட்டும் தின்னும். கொஞ்சம் டால்கம் பவுடர் கலந்தால் தேய்ப்பது சுலபமாகிறது. பெரிய பள்ளத்துக்கு இரண்டு பாகமாகப் பிசையும் எபாக்ஸி புட்டி, அதுவும் சுருங்குவதில்லை.

ஸ்பிட்ஃபயருக்கு ரெசினில் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் பிசின்) வார்த்த மாற்றுப் பாகம் வாங்கிப் போட்டேன். மார்க் 9 ரகத்தின் எஞ்சின் மேல்மூடி கிட்டில் தட்டையாக இருந்தது, வாங்கிய ரெசின் மூடியின் வளைவு மிக அருமை, ஆனால் அகலம் உடலைவிடக் கொஞ்சம் குறைவு. ரெசின் வார்ப்பு இறுகும்போது சுருங்கும், அதனால் மாற்றுப் பாகம் என்பதாலேயே அது சரியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதையும் காலிப்பரில் அளக்க வேண்டும். ஓரத்தில் மெல்லிய ஸ்டைரீன் பட்டை வைத்துச் சரிசெய்தேன். ரெசினுக்கு மாடல் பசை வேலை செய்யாது, சூப்பர் க்ளூவோ எபாக்ஸியோதான். சூப்பர் க்ளூ மட்டும் போட்ட இடத்தில் சில வருடம் கழித்து முடி போல விரிசல் ஒன்று ஓடியது, எபாக்ஸி போட்டு உள்ளே பித்தளைக் கம்பியும் செருகிய இடத்தில் ஒன்றும் ஆகவில்லை. ரெசின் அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் தண்ணீர் வைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஸ்பிட்ஃபயர் இறக்கையில் பலர் கவனிக்காதது அதன் முறுக்கு. உடல் பக்கம் +2 டிகிரியில் தொடங்கி நுனியில் −0.5 டிகிரிக்கு இறங்கும். கிட்டில் இது இல்லாவிட்டால் முன்னால் இருந்து பார்க்கும்போது இறக்கை பலகை போல் இருக்கும். மேல், கீழ் பாதிகளை ஒட்டும்போதே முறுக்கிப் பிடித்துக் காயவிடுவதுதான் வழி, ஒட்டி முடித்த பிறகு முறுக்கினால் திரும்பி வந்துவிடும். அதோடு பின்விளிம்பை உட்பக்கமாகத் தேய்த்து மெலிதாக்குங்கள். கிட்டின் அரை மில்லிமீட்டர் தடிப்பு நிஜத்தில் 24 மில்லிமீட்டர் பலகையாகிறது.

மிக்-21 கதை வேறு. அங்கே ஒரு பாகத்தின் வடிவம் தப்பாவதைவிட, ஒரு ரகத்தின் பாகம் இன்னொரு ரகத்தில் வந்து சேர்வதுதான் அதிகம். எஃப்-13-இல் பிட்டோ குழாய் (காற்று வேகத்தை அளக்க முன்னால் நீட்டிக்கொண்டிருப்பது) மூக்குக்குக் கீழே, பி.எஃப்.-இல் மூக்கின் மேலே நடுவில், எம்.எஃப்., பிஸ் ரகங்களில் மேலே வலப்பக்கம் தள்ளி. பழைய ரகங்களில் கேனோபி முன்பக்கம் கீல் வைத்துத் திறக்கும், பி.எஃப்.எம். முதல் வலப்பக்கமாகத் திறக்கும், விமானியை வெளியே எறியும் இருக்கையும் கே.எம்.-1 வகையாக மாறியது. முதுகின் பருமன் ரகத்துக்கு ரகம் வேறு. எந்த விமானத்தைச் செய்கிறோமோ அந்த வால் எண்ணுள்ள விமானத்தின் படம் ஒன்று இல்லாமல் இதில் இறங்காதீர்கள்.

மிக்-21 மூக்கில் ஒன்றும் பின்னால் இரண்டுமாக மூன்று சக்கரத்தில் நிற்கும், வாலில் உட்காராமல் இருக்க மூக்குக்குள் எடை வைக்க வேண்டும். ஈயக் குண்டுகளை மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசையில் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். அந்தப் பசையில் இருந்து வரும் அமிலம் ஈயத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கி ஊதவைக்கும், சில வருடம் கழித்து மூக்கின் இணைப்பே பிளந்துவிடும். எபாக்ஸியில் புதைத்தால் கவலை இல்லை, என்னுடையது அப்படித்தான் இருக்கிறது. இந்த எடையோடு ரெசின் லேண்டிங் கியர் கால் சேர்ந்தால் கால் மெதுவாக வளையும், வெள்ளை உலோகக் காலும் கனமான மாடலில் வளைகிறது. பித்தளைக் கால் கிடைத்தால் அது, இல்லாவிட்டால் கிட்டின் ஸ்டைரீன் காலுக்குள் கம்பி செருகுவது. ரப்பர் போன்ற வினைல் டயர் கிட்டில் வந்தால் அதை அப்படியே ஒதுக்கிவிடுவேன், ஏனென்றால் அதில் இருந்து கசியும் மிருதுவாக்கி ஸ்டைரீன் சக்கர மையத்தைக் காலப்போக்கில் உருக்கிவிடும். ரெசின் சக்கரம் வாங்கினால் அந்தப் பணம் வீணாகாது.

கடைசியாக 3டி அச்சுப் பாகங்கள், இப்போது எல்லோரும் இதைத்தான் கேட்கிறார்கள். இருக்கை, கருவிப் பலகை, எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு இதைவிடக் கூர்மையான வேலையை நான் பார்த்ததில்லை, பெல்ட்டின் தையல்கூடத் தெரிகிறது. வடிவப் பிழையைத் திருத்தும் பெரிய பாகங்களுக்கு மட்டும் தயங்குகிறேன். அடுக்குக் கோடுகளைத் தேய்க்கும்போது நுட்பமும் சேர்ந்து போகிறது. உள்ளே வெற்றிடம் விட்டு அச்சிட்டதில் இறுகாத ரெசின் தங்கியிருந்தால் நாளாக நாளாகக் கசிந்து பெயிண்ட்டைத் தூக்கும், அதனால் வந்த உடனே வடிகால் துளை இருக்கிறதா என்று பார்த்து, கழுவி, புற ஊதா விளக்கில் இன்னொரு முறை வைக்கிறேன், கையுறை போட்டுத்தான். பிட்டோ குழாய், துப்பாக்கிக் குழல், ஆன்டெனா போன்ற மெல்லியவற்றை அச்சில் எடுப்பதே இல்லை, தூசி துடைக்கும் துணி பட்டாலே ஒடிகிறது. அவற்றுக்கு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் பித்தளைக் குழாய்கள்தான். மிக்-21-இன் பிட்டோவை அப்படிச் செய்து வைத்தேன், மாடலை எத்தனையோ தடவை எடுத்து வைத்தும் இன்னும் நேராகத்தான் இருக்கிறது.