கருவாட்டுக் களமும் ‘விடு’ என்ற சொல்லும்: வீட்டிற்கே வரும் நாய்ப் பயிற்சி

இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரை அடுத்த வேதாளையில் இருக்கும் எங்கள் வீட்டிற்கு வாரம் இருமுறை, மணல் சுடத் தொடங்குமுன் காலை 6 மணிக்கே வந்து, ஒன்றரை வயதுச் சிப்பிப்பாறை நாய்க்கு 8 வாரங்கள் பயிற்சியளித்தவரின் சேவையைப் பற்றி எழுதுகிறேன்.

இவருக்கு முன் வேறொருவரிடம் விட்டிருந்தோம். இழுத்தால் கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் போட்டு அவர் பழக்கியதில், நாய் சொல் கேட்கப் பழகவில்லை. சங்கிலியின் ஓசை கேட்டாலே கட்டிலுக்கடியில் போய் ஒடுங்கப் பழகிவிட்டது. அதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது.

புதியவரிடம் அடியும் இல்லை, அதட்டலும் இல்லை. நாய் சரியாகச் செய்த அந்த நொடியிலேயே ‘கிளிக்’ என்று ஓசையெழுப்பும் ‘கிளிக்கர்’ என்ற சிறு கருவியை அழுத்தி, உடனே தீனி தருகிறார். சற்றுத் தாமதித்தாலும், அதற்குள் வேறு எதையாவது செய்துவிடும் நாய் அதற்குத்தான் பரிசு என்று எடுத்துக்கொள்ளுமாம். முதல் நாள் கட்டளையே கிடையாது. ஓசையும் உணவும் மட்டுமே. மணியோசைக்கு நாய்க்கு எச்சில் ஊறுவதாகப் பள்ளியில் படித்த பாவ்லோவின் பாடத்தை எங்கள் திண்ணையிலேயே பார்த்தேன். தீனிக்கு நான் கருவாட்டை எடுத்து வந்தபோது, அவ்வளவு உப்பு நாய்க்கு ஆகாது என்று தடுத்து, உப்பிடாமல் அவித்து முள் நீக்கிய பாறை மீனைப் பட்டாணியளவு கிள்ளி வைக்கச் சொன்னார்.

எங்களுக்கு மிகவும் தேவைப்பட்டது ‘விடு’ என்ற கட்டளைதான். கடற்கரையில் காயும் மீனை இழுத்து வந்து அக்கம்பக்கத்தில் பேச்சு வாங்கித் தந்த நாய் இது. மீன் துண்டை உள்ளங்கையில் மூடி நீட்டினார். அது நக்கியது, பிறாண்டியது, முனகியது, அவர் அசையவில்லை. சலித்துப்போய் மூக்கை ஒரு விரற்கடை பின்னுக்கு இழுத்ததும் கிளிக்கர் ஒலித்தது, மறு கையிலிருந்து மீன் கிடைத்தது. பிறகு திறந்த கை, அடுத்து தரை, ஆறாம் வாரத்தில் நீளக் கயிற்றுடன் கருவாட்டுக் களத்தின் ஓரம். இப்போது ‘விடு’ என்றால் பாயில் காயும் நெத்திலியை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறது.

குறையும் உண்டு. மழையால் தவறிய இரண்டு வகுப்புகளை அவர் ஈடுசெய்யவில்லை. ஆடு ஓடினால் மீன் துண்டும் எடுபடவில்லை. முயல் வேட்டைக்கு வளர்த்த இனத்திற்குத் துரத்துவதே பெரிய பரிசு என்பதை அவரே மறைக்காமல் சொல்லிவிட்டார். அதனால் வெளியில் இன்னும் கயிற்றை அவிழ்ப்பதில்லை.